வாய் குழறுவதும் குரல் தாழ்வதும்: பேச்சு இயக்கக் கோளாறுகள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டிலும் அதைச் சுற்றியுள்ள ரப்பர், செம்பனைத் தோட்டங்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள், பக்கவாதம், பார்கின்சன் நோய், தலைக்காயம் ஆகியவற்றுக்குப் பிறகு பேச்சுத் தெளிவை இழந்த தங்கள் உறவினர்களுக்காகப் பேச்சு சிகிச்சையாளரிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே விடைகளுடன் தரப்படுகின்றன. விடைகள் பெரும்பாலும் பெரியவர்களைப் பற்றியவை. குழந்தைகளுக்கென ஒரு கேள்வி மட்டும் தனியாக உள்ளது.

அப்பாவுக்கு இன்று காலையில்தான் திடீரென்று வாய் குழறத் தொடங்கியது. பேச்சுப் பயிற்சிக்கு எங்கே அழைத்துச் செல்வது?

பேச்சுப் பயிற்சிக்கு இப்போது போகக் கூடாது. உடனே 999 எண்ணை அழைத்து அவசரப் பிரிவுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். திடீரெனத் தோன்றும் குழறல், அதனுடன் முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தொய்வது ஆகியவை பக்கவாதத்தின் அடையாளங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கியதிலிருந்து 4.5 மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும் என்பதால், அவர் கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். சுக்குக் காப்பியோ மாத்திரையோ தண்ணீரோ வாயில் கொடுக்க வேண்டாம். பேசும் தசைகளே விழுங்கவும் உதவுபவை என்பதால், அவை தளர்ந்த நேரத்தில் கொடுப்பது நுரையீரலுக்குள் இறங்கிவிடக்கூடும்.

பேச்சு இயக்கக் கோளாறு என்றால் என்ன? “பேச்சு போய்விட்டது” என்று சொல்வதும் இதுவும் ஒன்றுதானா?

ஒன்றல்ல. இந்த வேறுபாடு தெரியாததால்தான் பல குடும்பங்கள் பொருந்தாத பயிற்சியில் மாதக்கணக்கில் உழைப்பைச் செலவிடுகின்றன. மூளை பாதிக்கப்பட்ட ஒருவர் பேச முடியாமல் போவதற்கு மூன்று வழிகள் உண்டு. சொல்லே நினைவுக்கு வராமலும், பிறர் சொல்வது முழுமையாக விளங்காமலும் போனால் அது அஃபேசியா என்னும் மொழிக் கோளாறு. சொல் மனத்தில் தெளிவாக இருந்தும், அதைச் சொல்ல வேண்டிய உதடு, நாக்கு, அண்ணம், குரல்வளை, மூச்சுத் தசைகள் ஆகியவை தளர்ந்தோ விறைத்தோ தடுமாறியோ போனால் அது டிஸார்த்ரியா. தசையில் குறிப்பிடத்தக்க பலவீனம் இல்லாதபோதும், எந்த ஒலிக்கு எந்த அசைவு, எந்த வரிசையில் என்று மூளை வகுக்கும் திட்டம் குலைந்துபோனால் அது பேச்சு அப்ராக்ஸியா. பின்னைய இரண்டையும் சேர்த்தே பேச்சு இயக்கக் கோளாறுகள் என்கிறோம்.

வாயால் சொல்ல முடியாததை அவரால் பிழையின்றி எழுதிக் காட்ட முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் மொழி நலமாக இருக்கிறது என்று பெரும்பாலும் கருதலாம். எழுதப் படிக்கத் தெரியாத முதியவரிடம், “மேசை மேலிருக்கும் மூக்குக் கண்ணாடியை எடுத்துப் பாட்டியிடம் கொடுங்கள்” என்பது போன்ற இரண்டு படி வேலையைச் சொல்லிப் பார்க்கலாம். ஒரே நோயாளிக்கு இவற்றில் இரண்டு சேர்ந்து வருவதும் உண்டு. குறிப்பாகப் பேச்சு அப்ராக்ஸியா பெரும்பாலும் அஃபேசியாவுடன் சேர்ந்தே காணப்படுகிறது.

டிஸார்த்ரியாவில் வகைகள் இருப்பதாகச் சொல்கிறார்கள். நோயாளிக்கு அந்தப் பெயரால் என்ன பயன்?

பயன் நிறையவே உண்டு, ஏனென்றால் வகை மாறினால் சிகிச்சையும் மாறுகிறது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் டார்லி, ஆரன்சன், பிரவுன் ஆகிய மூவரும் 212 நோயாளிகளின் பேச்சைக் கேட்டு, 38 கூறுகளாகப் பிரித்து மதிப்பிட்டு, 1969-இல் வெளியிட்ட வகைப்பாடே இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. காதால் கேட்டே நரம்பு மண்டலத்தில் எந்த இடம் பாதிக்கப்பட்டிருக்கிறது என்று ஊகிக்கலாம் என்பது அதன் அடிப்படை.

கீழ் நரம்பு (தசைக்கு நேரே செல்லும் நரம்பு) அல்லது நரம்பும் தசையும் சேரும் இடம் பாதிக்கப்பட்டால் தளர்வு வகை வரும்: குரலில் காற்றுக் கசியும், பேச்சு மூக்கு வழியே ஒலிக்கும், ஒரே மூச்சில் இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் வராது. கீழ் நரம்புகளுக்குக் கட்டளை கொண்டுவரும், மூளையின் இரு பக்க மேல் நரம்புப் பாதைகளும் பாதிக்கப்பட்டால் விறைப்பு வகை: குரல் நெரிபட்டது போல் இருக்கும், பேச்சு மிக மெதுவாக நகரும். சிறுமூளை பாதிக்கப்பட்டால் குடித்தவர் பேச்சைப் போல் தாளம் தவறும். மது அருந்தும் பழக்கமே இல்லாதவரைத் தோட்டத்தில் அப்படிச் சந்தேகித்துப் பேசுவது குடும்பத்துக்குப் பெரிய மனவேதனையாக இருக்கிறது. பார்கின்சன் நோயில் குரல் தாழ்ந்து, ஏற்ற இறக்கம் மறைந்து, சில இடங்களில் சொற்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு விரையும். ஹண்டிங்டன் நோய், டிஸ்டோனியா ஆகியவற்றில் வேண்டாத அசைவுகள் குறுக்கிட்டுப் பேச்சு எதிர்பாராமல் தடைபடும். ஒரு பக்கப் பக்கவாதத்துக்குப் பின் வருவது பெரும்பாலும் லேசான குழறல். பலருக்கு முதல் சில வாரங்களில் அது தானாகவே ஓரளவு குறையும். ஏ.எல்.எஸ். என்னும் இயக்க நரம்பு நோயில் தளர்வும் விறைப்பும் கலந்திருக்கும்.

சில வேளைகளில் பேச்சுதான் நோயை முதலில் காட்டிக்கொடுக்கிறது. நூறு வரை எண்ணச் சொன்னால் முதல் இருபது தெளிவாகவும் அறுபதைத் தாண்டும்போது மூக்கொலியாகவும் மாறி, சற்று ஓய்வுக்குப் பின் மீண்டும் தெளிவானால், தசைகள் விரைவில் களைத்துப்போகும் மயஸ்தீனியா கிராவிஸ் நோயாக இருக்கலாம். அவரை நரம்பியல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். பயிற்சி கொடுத்துக் களைப்படையச் செய்வது தவறு.

முதல் நாள் பரிசோதனையில் என்ன செய்வார்கள்?

முதலில் உரையாடல். நோயாளி தன் வேலையையோ பேரப்பிள்ளைகளையோ பற்றிச் சில நிமிடம் பேசுவதை ஒலிப்பதிவு செய்வார்கள். அதன் பிறகு முகம், தாடை, உதடு, நாக்கு, அண்ணம் ஆகியவற்றை ஓய்விலும் அசைவிலும் பார்ப்பார்கள். மூளை நரம்புகளில் 5, 7, 9, 10, 11, 12 ஆகிய எண்ணுடையவை பேச்சோடு தொடர்புடையவை என்பதால், தாடையை எதிர்த்துத் தள்ளச் சொல்வது, கன்னத்தை உப்பச் சொல்வது, நாக்கை நீட்டச் சொல்வது ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. நீட்டிய நாக்கு ஒரு பக்கம் சாய்ந்தாலோ, அதில் புழு நெளிவது போன்ற துடிப்பு தெரிந்தாலோ, அது முக்கியமான தடயம்.

அடுத்து “ஆ” என்று ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் நீட்ட முடிகிறது என்று அளப்பார்கள். நலமான பெரியவர்கள் பொதுவாக 15 வினாடிக்கு மேல் நீட்டுவார்கள். பிறகு “ப ப ப”, “த த த”, “க க க” என்று தனித்தனியாகவும், “ப-த-க, ப-த-க” என்று தொடர்ந்தும் இயன்ற வேகத்தில் சொல்லச் சொல்வார்கள். வேகத்தோடு ஒழுங்கும் கவனிக்கப்படும். விறைப்பு வகையில் மெதுவாக ஆனால் சீராக வரும். சிறுமூளை வகையில் இடைவெளி ஒன்றுக்கொன்று மாறும். பார்கின்சனில் விரைந்து மங்கும். அப்ராக்ஸியா உள்ளவர் தனி அசையைச் சொல்லிவிட்டு “ப-த-க” வரிசையில் தடுமாறுவார்.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது, அறிமுகமில்லாத ஒருவருக்கு அவர் பேசுவது எவ்வளவு புரிகிறது என்னும் கணக்கு. சொற்களையும் வாக்கியங்களையும் ஒலிப்பதிவு செய்து, அவரைத் தெரியாத ஒருவரைக் கேட்டு எழுதச் சொல்லி, நூற்றுக்கு எத்தனை சரி என்று பார்ப்பார்கள். மனைவியின் காதும் மகளின் காதும் இதற்கு உதவாது. அவருடைய பேச்சுக்கு அவர்கள் பழகிப்போயிருப்பார்கள்.

தாத்தாவுக்குத் தமிழ் மட்டும்தான் சரளமாக வரும். மலாயில் பரிசோதித்தால் சரியாக இருக்குமா?

நாக்கின் பலம், மூச்சு, அண்ணத்தின் அசைவு ஆகியவற்றைச் சோதிக்க மொழி தடையில்லை. ஆனால் தெளிவையும் பிழையையும் அவருடைய சொந்த மொழியில்தான் அளக்க வேண்டும். பசாரில் பேசுமளவு மலாய் தெரிந்த ஒருவர் மலாய்ப் பத்தியைத் திக்கித் திணறிப் படித்தால், அந்தத் திணறலில் நோயின் பங்கு எவ்வளவு, பழக்கமின்மையின் பங்கு எவ்வளவு என்று யாராலும் பிரிக்க முடியாது.

தமிழில் சோதிக்கும்போது தமிழின் ஒலி வேறுபாடுகளையே குறிவைக்க வேண்டும். ஆங்கிலப் பட்டியல்களை மொழிபெயர்த்து வைத்துக்கொள்வதில் எனக்கு நம்பிக்கையில்லை. குறில் நெடில் (பல், பால், கல், கால்), ஒற்று இரட்டிப்பது (படம், பட்டம், கடை, கட்டை), நாக்கை மடிப்பது (வலி, வளி, மனம், மணம்) ஆகியவற்றில்தான் தமிழ்ச் சொல்லின் பொருள் மாறுகிறது. சிறுமூளை பாதிக்கப்பட்டவரிடம் குறிலும் நெடிலும் ஒரே அளவாகிவிடுவதையும், அண்ணம் தளர்ந்தவரிடம் “ப்ப”, “ட்ட” போன்ற அழுத்தமான ஒலிகள் கரைந்துபோவதையும் இப்படித்தான் பிடிக்க முடியும். மூக்குவழிக் காற்றைச் சோதிக்க மூக்கொலியே இல்லாத வாக்கியம் வேண்டும்; “அப்பா காப்பி கேட்டார்” என்பது போதும். அதைச் சொல்லும்போது மூக்கின் கீழே பிடித்த கண்ணாடி பனித்தால் அண்ணம் சரியாக மூடவில்லை என்று பொருள்.

எச்சரிக்கை ஒன்று. நம் வட்டாரத்தில் பலர் நோயில்லாமலே “வாளப்பளம்” என்றுதான் சொல்கிறார்கள். ழகரத்தை ளகரமாகச் சொல்வதைப் பிழைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. நோய்க்கு முன் எப்படிப் பேசினார் என்று வீட்டாரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். எழுத்தறிவில்லாத முதியவரிடம் பத்தியைப் படிக்கச் சொல்லாமல், வாக்கியத்தைக் கேட்டுத் திருப்பிச் சொல்லவும், படத்தைப் பார்த்து விவரிக்கவும் வைக்கலாம். செம்பனைக் குலை, பால்வாளி, மண்டோர் (தோட்டக் கண்காணி), கோயில் திருவிழா என்று அவர் வாழ்ந்த வாழ்க்கையின் சொற்களே சோதனைச் சொற்களாகட்டும்.

சிகிச்சையாளருக்குத் தமிழ் தெரியாவிட்டால் நீங்கள் மொழிபெயர்க்க நேரிடும். அப்போது அன்பு மிகுதியால் தாத்தாவின் பேச்சைத் திருத்திச் சொல்லாதீர்கள். அவர் “தண்ணி” என்பதைத் “தன்னி” என்று சொன்னால் அப்படியே சொல்ல வேண்டும். புரியாவிட்டால் புரியவில்லை என்றே சொல்ல வேண்டும். மொழிபெயர்ப்பாளர் சீர்செய்த பேச்சை வைத்து எந்தக் கோளாறையும் கண்டுபிடிக்க முடியாது.

அம்மா சில சமயம் சாமி பாட்டை முழுதாகப் பாடுகிறார், ஆனால் தண்ணீர் கேட்கத் தவிக்கிறார். நடிக்கிறாரோ?

இல்லை. பேச்சு அப்ராக்ஸியாவில் இது நன்கு அறியப்பட்ட ஒன்று. ஒன்று முதல் பத்து வரை எண்ணுவது, கிழமைகளைச் சொல்வது, பழகிய பாட்டு, கோபத்தில் வரும் வசவு ஆகியவை தானாக வெளிப்படும் பேச்சு. அவை எளிதில் வரும். நினைத்துச் சொல்ல வேண்டிய சொல் வரும்போது வாய் வழி தேடும், உதடும் நாக்கும் தடவிப் பார்க்கும், அசைகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து விழும், சொல் நீளமாக நீளமாகப் பிழை கூடும். டிஸார்த்ரியாவில் இந்த இடைவெளி இருக்காது. பாட்டும் பேச்சும் ஒரே விதமாகக் குழறும்.

ஊதல் பயிற்சி, நாக்கை அசைக்கும் பயிற்சி, வசம்பு தடவுவது இவையெல்லாம் பேச்சைத் திருத்துமா?

பலூன் ஊதுவது, மெழுகுவத்தி அணைப்பது, நாக்கை மேலும் கீழும் ஆட்டுவது ஆகியவை பேச்சைத் தெளிவாக்கும் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை. பேசுவதற்குத் தேவைப்படும் பலம், நாக்கின் முழுப் பலத்தில் சிறு பங்கே. பேச்சுக்கு வேண்டியது வேகமும் துல்லியமும் ஒருங்கிணைப்பும், இவை பேசும்போது மட்டுமே பயிற்சி பெறுகின்றன. கையில் கொடுக்கப்படும் படத் தாளில் நாக்கு அசைவுகள் மட்டும் இருந்தால், எந்தச் சொல்லைப் பயில வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். விழுங்குவதற்காகவோ, மூச்சுத் தசை உண்மையிலேயே பலவீனமாக இருப்பதாலோ கொடுக்கப்படும் பயிற்சி வேறு. அதை நிறுத்த வேண்டாம்.

வசம்பு நாக்கின் நரம்பை எழுப்பாது. நாக்கில் எதையேனும் தடவி, விழுங்கத் தடுமாறுபவருக்கு இருமல் வரவழைப்பதுதான் மிச்சம்.

அப்படியானால் சிகிச்சை என்பது என்ன?

வகையைப் பொறுத்தது. மிகத் தெளிவான சான்று பார்கின்சன் நோய்க்கு உண்டு. எல்.எஸ்.வி.டி. லவுட் என்னும் முறையில் வாரத்துக்கு 4 நாள் வீதம் 4 வாரம், நாளுக்கு ஒரு மணி நேரம், “உரக்கப் பேசு” என்னும் ஒரே இலக்குடன் பயிற்சி நடக்கும். நோயாளிக்குத் தன் குரல் தாழ்ந்திருப்பதே தெரியாது. சரியான அளவில் பேசினால் கத்துவதாக நினைப்பார். அந்த உள்ளளவை மாற்றுவதே சிகிச்சையின் சாரம். பிரிட்டனில் 388 பேரிடம் நடத்தப்பட்டு 2024-இல் வெளியான ஆய்வில், வழக்கமான பேச்சு சிகிச்சையைவிடவும், சிகிச்சையே பெறாதிருப்பதைவிடவும் இந்த முறை கூடுதல் பலன் தந்தது. மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் பயிற்சியை வைத்துக்கொள்வது நல்லது.

பக்கவாதத்துக்குப் பின் வரும் டிஸார்த்ரியாவில் நிலைமை அவ்வளவு உறுதியானதல்ல. 2017-இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வுக்கு (நடந்த ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் மதிப்பாய்வு இது), 234 பேரை உள்ளடக்கிய 5 ஆய்வுகள் மட்டுமே கிடைத்தன; உறுதியான முடிவு எதற்கும் அவை போதவில்லை. சிகிச்சை வீண் என்று இதற்குப் பொருளில்லை. எந்த முறை மேலானது என்று அடித்துச் சொல்ல இன்னும் முடியாது என்பதே பொருள். நடைமுறையில், வேகத்தைக் குறைப்பது, ஒவ்வொரு சொல்லையும் வாயைத் திறந்து அழுத்தமாகச் சொல்வது, மூச்சு தீரும் முன் நிறுத்தி மூச்செடுப்பது ஆகியவை பலருக்கு உதவுகின்றன. அண்ணம் அசையாமல் மூக்கொலி மிகுந்தவருக்கு, பல் மருத்துவர் செய்து தரும் அண்ணத் தாங்கி, பயிற்சியால் கிடைக்காத தெளிவைத் தரலாம்.

வேகத்தைக் கட்டுப்படுத்த எழுத்துப் பலகை நல்ல கருவி. ஒவ்வொரு சொல்லைச் சொல்லும்போதும் அதன் முதல் எழுத்தை நோயாளி தொட்டுக் காட்டுவார். பேச்சும் மெதுவாகும், கேட்பவருக்கும் துப்புக் கிடைக்கும். தமிழில் 247 எழுத்தையும் பலகையில் நிரப்பினால் விரல் தேடியே களைத்துவிடும். 12 உயிரும் 18 மெய்யும் இருந்தாலே போதும். நம் பேச்சில் மலாய்ச் சொற்கள் கலப்பதால் ஜ, ஸ, ஹ ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம்.

அப்ராக்ஸியாவுக்கு, சிகிச்சையாளரின் வாயைப் பார்த்து, சேர்ந்து சொல்லி, பிறகு தனியாகச் சொல்லி, ஒரே சொல்லைப் பலமுறை பயில்வது அடிப்படை. “தண்ணி”, “வலிக்குது”, “வேணாம்”, மனைவியின் பெயர் என அன்றாடம் தேவைப்படும் சொற்களிலிருந்து தொடங்க வேண்டும்.

சிகிச்சைக்காக ஈப்போ நகருக்கு வாரம் ஒருமுறை போவதே சிரமம். வீட்டில் எப்படிப் பயில்வது?

ஏறக்குறைய 30 கிலோமீட்டர் என்றாலும், வேலை நேரமும் வண்டியும் ஒத்துவராதபோது அது பெரிய தூரம்தான். மாதம் ஒருமுறை போய் வந்து, இடையில் நாள்தோறும் வீட்டில் பயில்பவர், வாரம்தோறும் போய் வீட்டில் வாயே திறக்காதவரைவிட முன்னேற வாய்ப்பு அதிகம். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் வேண்டாம். காலை, மதியம், மாலை என்று 10 அல்லது 15 நிமிடமாகப் பிரியுங்கள். முதலில் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லட்டும். அது கைவந்த பிறகு சொற்களை மாற்றி மாற்றிக் கலந்து கேளுங்கள். கலந்து பயிலும்போது தடுமாற்றம் கூடும், ஆனால் கற்றது நிலைக்கும். ஒவ்வொரு முறையும் “சரி, தப்பு” என்று சொல்லாமல், அவரே தன் பேச்சை மதிப்பிட இடம் விடுங்கள். கைப்பேசியில் வாரம் ஒருமுறை அதே வாக்கியங்களைப் பதிவு செய்து வைத்தால், அடுத்த சந்திப்பில் சிகிச்சையாளருக்கு அது பெரிய உதவி.

வீட்டில் உள்ளவர்கள் அவரிடம் எப்படிப் பேச வேண்டும்?

தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். அடுப்படியிலிருந்து கொண்டே “என்னப்பா?” என்று கேட்டால் அவர் குரல் எட்டாது. புரியாதபோது புரிந்ததாகத் தலையாட்டாதீர்கள். அவர்கள் அதைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள், அதன் பிறகு பேசுவதையே குறைத்துக்கொள்கிறார்கள். புரிந்த பகுதியைத் திருப்பிச் சொல்லி மிச்சத்தை மட்டும் கேளுங்கள்: “கோயிலுக்குப் போகணும், அது புரிஞ்சது. யாரோட?” வாக்கியம் தொடங்கும் முன்பே எதைப் பற்றிப் பேசப்போகிறார் என்று ஒரு சொல் சொல்லப் பழக்கினால், பாதி குழப்பம் தீரும். காது கேட்காத முதியவருக்குச் சொல்வது போல் அவரிடம் கத்த வேண்டாம்.

நோய் நாளுக்கு நாள் கூடும் வகை என்றால் பயிற்சியால் என்ன பயன்?

ஏ.எல்.எஸ். போன்ற நோயில் தசைக்குப் பலமேற்றும் கடும் பயிற்சி வேண்டாம், களைப்பே மிஞ்சும். குரல் இருக்கும்போதே குரலையும் முக்கியமான வாக்கியங்களையும் பதிவு செய்து வைப்பதும், பேச்சுக்குப் பதிலாகப் பயன்படும் மாற்றுக் கருவிக்கு முன்கூட்டியே பழகுவதும்தான் பயன் தரும். பேச்சு வேகம் நிமிடத்துக்குச் சுமார் 125 சொற்களாகக் குறைந்ததும் கருவிக்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது ஆங்கிலம் பேசுவோருக்கான கணக்கு. தமிழில் “போகவேண்டியிருந்தது” என்பது ஒரே சொல் என்பதால், அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அசைகளை எண்ணி, நோயாளியின் சென்ற மாத வேகத்தோடு இந்த மாத வேகத்தை ஒப்பிடுவதே முறை. கைப்பேசியில் தமிழில் தட்டினால் வாசித்துக் காட்டும் வசதி இப்போது எளிதாகக் கிடைக்கிறது. கை நடுங்குபவருக்குப் படங்களும் சொற்களும் ஒட்டிய அட்டையே வசதி.

குழந்தைக்கும் அப்ராக்ஸியா வருமா?

வரும், ஆனால் அரிது. ஒரே சொல்லை ஒவ்வொரு முறையும் வேறு வேறு விதமாகத் தவறாகச் சொல்வது, ஒலியிலிருந்து ஒலிக்கு நகரும்போது இழுபடுவது, சொல்லின் அழுத்தமும் இசையும் பொருந்தாமலிருப்பது ஆகிய மூன்றும் அதன் முக்கிய அடையாளங்கள். தாமதமாகப் பேசும் எல்லாக் குழந்தைக்கும் இந்தப் பெயரைச் சூட்டுவது தவறு. முதலில் செவித்திறனைச் சோதிக்க வேண்டும். வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசச் சொல்லும் அறிவுரைக்கு அடிப்படை இல்லை.

ஓ.கே.யூ. (மாற்றுத்திறனாளி) அட்டை, சொக்சோ (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) உதவி கிடைக்குமா?

சமூகநலத் துறை வழங்கும் ஓ.கே.யூ. பதிவின் ஏழு பிரிவுகளில் பேச்சுக் குறைபாடும் ஒன்று; கை கால் பாதிப்பும் சேர்ந்திருந்தால் உடல் குறைபாடு அல்லது பல்வகைக் குறைபாட்டுப் பிரிவு பொருந்தலாம். மருத்துவரின் சான்று வேண்டும். சொக்சோவில் சந்தா செலுத்தி வந்த தோட்டத் தொழிலாளி நோயால் வேலை செய்ய இயலாமல் போனால், இயலாமை ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். வேலையிடத்தில் நடந்த விபத்தாக இருக்க வேண்டியதில்லை. மறுவாழ்வு சிகிச்சைக்கு மலாக்காவில் சொக்சோவின் சொந்த மையம் இருக்கிறது. விண்ணப்பத்தில் பேச்சுத் தெளிவின் நூற்று விகிதத்தைச் சிகிச்சையாளர் எழுதித் தந்தால், “பேச்சு சரியில்லை” என்று மட்டும் எழுதியிருப்பதைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

முதல் சந்திப்புக்கு என்ன கொண்டு வர வேண்டும்?

மருத்துவரின் பரிந்துரைக் கடிதம், உட்கொள்ளும் மாத்திரைகள், ஸ்கேன் அறிக்கை இருந்தால் அது, மூக்குக் கண்ணாடி, காது கருவி, பல்செட். பல்செட்டை வீட்டில் வைத்துவிட்டு வருபவர்கள் பலர். அது இல்லாமல் கேட்கும் “ச”வும் “த”வும் அவருடைய உண்மையான “ச”வும் “த”வும் ஆகாது. தண்ணீர் குடிக்கும்போது இருமல் வருகிறதா, எடை குறைந்திருக்கிறதா, அடிக்கடி சளிக் காய்ச்சல் வருகிறதா என்பதையும் குறித்து வாருங்கள். நோய்க்கு முன் அவர் அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவோ, கல்யாண வீட்டில் பேசிய காணொளியோ இருந்தால் அழித்துவிடாமல் கொண்டு வாருங்கள். அவருடைய இயல்பான குரலும் வேகமும் வட்டார உச்சரிப்பும் அதில்தான் இருக்கின்றன. சிகிச்சையின் இலக்கை அதை வைத்தே தீர்மானிக்க முடியும்.